வாசலில் நின்ற கார்

புக்கிட் மெர்தாஜாம்
4 மே 2025, ஞாயிறு

அன்பு மகள் ஸ்டெஃபனிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்புவதற்கு என்ன, காசா பணமா.

போன ஞாயிறு போனில் பேச ஆரம்பித்து மூன்றாவது நிமிடத்தில் சண்டையாகி, நீ வைத்தாயா நான் வைத்தேனா என்று தெரியாமல் லைன் போய்விட்டது. அதற்கு முந்தின வாரமும் இதே கூத்து. நமக்கு வாய்ப்பேச்சு ஒத்துவராது பாப்பா. முப்பத்து நாலு வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினேன், பெற்ற மகளுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் ஒரு வசதியும் உண்டு. நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் கார்தான். முதலில் நீ அனுப்புகிற காரைச் சொல்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறே காலுக்கு நீ ஜார்ஜ்டவுனில் போனை அமுக்குகிறாய், இங்கே வாசலில் கார் வந்து நிற்கிறது. டயாலிசிஸ் மையத்தில் நாலு மணி நேரம் என் ரத்தத்தைக் கழுவி எடுக்கிறார்கள். வெளியே வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோக இன்னொரு கார். ஒரு நாள் தவறியதில்லை, குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஆறு புதுமுகம். ஆறு பேரிடமும் என் பெயர் லாரன்ஸ், எனக்கு ஒரே மகள், மனைவி தவறிவிட்டாள் என்று ஒப்பித்து ஒப்பித்து எனக்கே என் கதை அலுத்துவிட்டது.

புதன்கிழமை சுலைமான் என்று ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். "மக ஜார்ஜ்டவுன் தீவுலதானே இருக்கு? அவங்களே வந்து கூட்டிட்டுப் போகலாமே லா," என்றார். "அவகிட்ட கார் இல்ல," என்றேன். "அப்ப இது யாரு கெரெத்தா?" என்று நம் வாசலில் நின்ற காரைக் காட்டினார். நான் சீட் பெல்ட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த சாகா காரை நான் தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். ஓட்டக்கூடாது, தலை சுற்றும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், எஞ்சினை உறுமவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க யாரும் தடை போடவில்லை. நவம்பர் வந்தால் உனக்கு முப்பது. கடன் இல்லாத கார் ஒன்று உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எடுத்துக்கொள். அடுத்தவன் காரின் பின் சீட்டில் இன்னும் எத்தனை நாளைக்கு உட்காரப் போகிறாய்?

பதில் எழுது. போன் வேண்டாம்.

உன் அன்பு அப்பா,
லாரன்ஸ்


ஜார்ஜ்டவுன்
11 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரம்மா உறையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வக்கீல் நோட்டீஸா?" என்று பதறிப்போய் மாடி ஏறி வந்தார். கையால் எழுதிய முகவரி என்றாலே இப்போது வில்லங்கம் என்று நினைக்கிறார்கள். உங்கள் கையெழுத்து இன்னும் அச்சு மாதிரிதான் இருக்கிறது. பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

என் அறை குவின் ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில், ஒரு சேலைக்கடைக்கு மேலே. கீழே யாராவது ஒரு சைக்கிளை நிறுத்தினாலே பூக்கட்டும் அக்கா சத்தம் போடுவார். இதில் சாகாவை எங்கே நிறுத்துவது? என் தலையில் வைத்துக்கொள்ளவா? ஆபீஸுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். மழை பெய்தால் பஸ். அவசரம் என்றால் போனில் கார். ஆபீஸில் என் வயதுக்காரர்கள் ஏழு பேர் இருக்கிறோம், ஹக்கீம் ஒருவன்தான் கார் வைத்திருக்கிறான். அவன் பாதி நாள் பார்க்கிங் தேடி அலைந்துவிட்டுச் சாப்பிடாமல் வந்து உட்காருகிறான். கெலுகோரில் இருந்து வரும் ஐனா, ஒன்பது வருடக் கடனில் வாங்கிய காரைப் போன வருடம் விற்றுவிட்டாள். "ஒரு மாமியார தொலைச்ச மாதிரி இருக்குடி" என்கிறாள். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பிரமிளா லைசென்ஸ் எடுக்கவே போகவில்லை.

எங்களுக்குக் கார் என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி அப்பா. திறந்தால் வரவேண்டும், அவ்வளவுதான். அதற்காக யாரும் வீட்டுக்குள் கிணறு வெட்டுவதில்லை. உங்கள் காலத்தில் வாசலில் கார் வந்தால்தான் ஆளானதாக அர்த்தம். நாங்கள் வேறு மாதிரி ஆளாகிவிட்டோம். பின் சீட்டு உங்களுக்குக் கேவலமாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பாலத்தில் போகும்போது கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். யாருடைய உயிரும் என் கையில் இல்லை.

நீங்கள் புதுமுகம் புதுமுகம் என்கிறீர்கள். நீங்கள் ஏறியதும் என் போனில் ஒரு சின்னக் கார் நகர ஆரம்பிக்கும், தெரியுமா? பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பேன். மார்க்கெட் பக்கம் சிக்னலில் நிற்கும், திரும்பும், மையத்தின் முன்னால் போய் நிற்கும். அதற்கப்புறம்தான் காப்பி கலக்குவேன். உங்களோடு நான் வரவில்லை என்று நினைக்க வேண்டாம்.

உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சம்பல் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஸ்டெஃபனி


புக்கிட் மெர்தாஜாம்
25 மே 2025, ஞாயிறு

அன்பு மகள் ஸ்டெஃபனிக்கு,

சுகமா? நான் இருக்கிறேன். சம்பலை மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிணறு, குழாய் எல்லாம் படித்தேன். நன்றாகத்தான் எழுதுகிறாய், என் பிள்ளைதானே. ஆனால் குழாயில் தண்ணீர் நிற்கிற நாளும் உண்டு, நம் ஊர்க்காரிக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வாரம் இரண்டு தடவை ஒரே டிரைவர் வந்தாள், ரொஸ்னா என்று பெயர். கெட்டிக்காரி. "அங்கிள், பின்னாடி உக்காந்தா தலை சுத்தும், முன்னாடி வாங்க," என்று கதவைத் திறந்துவிட்டாள். போகும் வழியெல்லாம் என்னிடம் திட்டு வாங்கினாள். இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சிரித்தாள். "எங்க வாப்பா மாதிரியே பேசுறீங்க," என்றாள். இறங்கும்போது கையைப் பிடித்து நடைபாதை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். மனசு நிறைந்துவிட்டது, போ. நிறைந்த மனசோடு படுக்கையில் ஊசி குத்திக்கொண்டு கிடந்தபோது தோன்றியது, ஊரான் மகள் கையைப் பிடிக்கிறாள், என் மகள் போனில் என்னை ஒரு பொம்மைக் காராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கோபப்படாதே. உன் பிலோமினா அத்தை நேற்று வந்து ஒரு மணி நேரம் இருந்தாள். அக்கா இல்லையா, அவள் பேசினால் நான் கேட்டுத்தான் ஆகவேண்டும். "மூணு வருஷமாச்சு லாரன்ஸு, அவ ஒரு திருவிழாவுக்குக்கூட வீட்டுப் படி ஏறல. காரையும் தொட மாட்டேங்கிறா. குத்தமுள்ள நெஞ்சு," என்றாள். நான் அவளுக்குக் காப்பி கலக்கப் போய்விட்டேன். அன்றைக்கு நீ மட்டும் காரை எடுத்திருந்தால் உன் அம்மா ஐரீன் இன்றைக்கு எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று நான் இனிமேல் பேசமாட்டேன். நடந்தது நடந்துவிட்டது. உன் அம்மா பெயரைச் சொல்லிக் கேட்கிறேன், காரை எடுத்துக்கொள், வீட்டுக்கு வா. ஒரு நாளாவது நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போகவேண்டும்.

உன் அப்பா,
லாரன்ஸ்


ஜார்ஜ்டவுன்
3 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இனிமேல் பேசமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பேசிவிட்டீர்கள். மூன்று வருடமாக நாம் இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். நானும் எழுதிவிடுகிறேன்.

2022, ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. புனித அன்னாள் திருவிழா நாள். நான் லீவில் வீட்டில் இருந்தேன், நீங்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போயிருந்தீர்கள். காலை பத்து மணிக்கு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கிறது, அரை மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். உங்களுக்குப் பதினொரு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கவுண்டரில் போன் வைத்திருக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அடித்தேன். பக்கத்து இரண்டு வீடும் பூட்டியிருந்தது, எல்லோரும் கோயிலில். அப்புறம்தான் போனில் கார் கூப்பிட்டேன். முதலில் ஏற்றுக்கொண்டவர் திருவிழா நெரிசலைப் பார்த்துவிட்டு ரத்து செய்துவிட்டார். இரண்டாவது கார் இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தது. சிமென்ட் தரையில் அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னக் கார் அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை வாசலில் அம்மா போய்விட்டார்.

மூன்றாம் நாள் கல்லறையில், இன்னும் மண்கூடத் தள்ளவில்லை, நாற்பது பேர் நிற்கிறார்கள், நீங்கள் சொன்னீர்கள்: "வாசல்ல கார் நின்னுச்சு. கையில லைசென்ஸ் இருந்துச்சு. என்ன பிரயோஜனம்? பயந்தாங்கொள்ளி, தாயைக் கொன்னுட்டா."

ஐனாவுக்குக் கடன், ஹக்கீமுக்கு பார்க்கிங் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கிறது அப்பா. யாராவது கேட்டால் நானும் அந்தக் காரணங்களில் ஒன்றை எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். என் காரணம் உங்களுக்குத் தெரியும். ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தால் எனக்கு உங்கள் குரல் கேட்கிறது. அவ்வளவுதான்.

எல்லோரும் நான் பயந்துபோய்க் காரைத் தொடவில்லை என்று நினைக்கிறார்கள். அது உண்மையில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாளைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். எவ்வளவு தாமதமானாலும் படிப்பேன்.

உங்கள் மகள்,
ஸ்டெஃபனி


புக்கிட் மெர்தாஜாம்
15 ஜூன் 2025, ஞாயிறு

என் கண்ணே பாப்பா,

உன் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு பத்து நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று தந்தையர் தினம். திருப்பலி முடிந்ததும் சாமியார் அப்பாமார்களை எல்லாம் எழுந்து நிற்கச் சொன்னார். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். யாரோ பெற்ற குழந்தை என் கையில் பூவை வைத்து, "ஹேப்பி ஃபாதர்ஸ் டே அங்கிள்" என்றது. வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் இதை எழுதுகிறேன். எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டிவிடுவேன், திரும்பப் படிக்கமாட்டேன்.

அந்த வாரத்து ஞாயிறு நீ காரைக் கோயில் கேட்டில் உரசிவிட்டாய், நினைவிருக்கிறதா? இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். நான் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் அப்பன் அவ்வளவு நல்லவனா என்று நீகூட ஆச்சரியப்பட்டிருப்பாய். நல்லவன் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை ஆணியில் மாட்டாமல் என் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீ இனி என் காரைத் தொடக்கூடாது என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் உன் அம்மா உனக்குப் பரிந்துகொண்டு வருவாள், அதனால் சொல்லவில்லை. இன்னொரு சாவி எப்போதோ தொலைந்துபோனது, உனக்கே தெரியும். திங்கள் முழுக்க என் பையில் இருந்தது. செவ்வாயும் இருந்தது.

சாவி என்னிடம்தான் இருந்தது பாப்பா. நீ சூராதி சூரியாக இருந்திருந்தாலும் அன்றைக்கு அந்தக் காரை எடுத்திருக்க முடியாது.

கல்லறையில் நான் அதைச் சொன்னபோது எனக்குத் தெரியும். துக்கத்தில் புத்தி கெட்டுச் சொன்னேன் என்று எழுதலாம், ஆனால் அது பொய், உன் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். பிலோமினா அத்தை எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "புள்ள பதினொரு தடவ அடிச்சிருக்கா, நீ எங்கடா போன?" என்றாள். நாற்பது முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அந்த முகங்கள் வேறு எங்காவது திரும்பினால் போதும் என்று இருந்தது. உன் பக்கம் திருப்பிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. கையால் எழுதிக் கேட்கிறேன்.

உன் அப்பா


ஜார்ஜ்டவுன்
29 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும்.

அன்று நான் முதலில் ஓடியது சாவிக்குத்தான். ஆணியில் இல்லை. மேசை டிராயர், பிரிட்ஜ் மேல், பிஸ்கட் டின், உங்கள் ஞாயிற்றுக்கிழமை சட்டைகள், மாதா சொரூபத்துக்குப் பின்னால், எல்லா இடமும் தேடினேன். அம்மா தரையில் கிடந்து, "கிடைச்சுதாம்மா? கிடைச்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் போனில் கார் தேடினேன். எட்டு நிமிடம் போய்விட்டது அப்பா. என்னால் இன்றுவரை மறக்க முடியாதது அந்த எட்டு நிமிடம்தான். நான் பயப்படவே இல்லை. பயப்பட நேரம் இருக்கவில்லை.

மருத்துவமனைக்கு நீங்கள் வந்தீர்கள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தீர்கள். அதோடு சாவி வந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்து உங்கள் கையில் கொடுத்தது நான்தான். நீங்கள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். பாவம், இந்த மனிதருக்கு இது போதும், நான் வேறு கேட்கவேண்டாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நீங்கள் என்னைக் கைகாட்டினீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நான் சொல்லியிருந்தால் அந்த நாற்பது பேரும் உங்களைப் பிய்த்துப் போட்டிருப்பார்கள். எனக்கு அம்மா போய்விட்டார், நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

நீங்களாகச் சொல்லவேண்டும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தேன். சொல்லிவிட்டீர்கள். படித்துவிட்டு அழுதேன். பிரமிளா பயந்துபோய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நெஞ்சில் இருந்த கல்லில் பாதி இறங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு ஒரு வழி இருக்கிறது. என்னைக் கொலைகாரி என்று நாற்பது பேருக்கு முன்னால் சொன்னீர்கள். இல்லை என்பதை எனக்கு மட்டும் கடிதத்தில் சொல்கிறீர்கள். அம்மாவின் நினைவுத் திருப்பலி திருவிழாக் கூட்டம் முடிந்து ஆகஸ்ட் 2, சனிக்கிழமை என்று அத்தை எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தார், எனக்கும் வந்தது. பிறகு பங்கு மண்டபத்தில் சாப்பாடு. அதே ஆட்கள்தான் வருவார்கள். அங்கே ஒரே வரி சொல்லுங்கள். "சாவி என்கிட்டதான் இருந்துச்சு." அழவேண்டாம், மன்னிப்புக் கேட்கவேண்டாம், விளக்கம் வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

சொல்லிவிட்டீர்கள் என்றால் நான் வீட்டுக்கு வருகிறேன். அந்த சாகாவையும் எடுத்துக்கொள்கிறேன். பார்க்கிங்குக்கு எங்காவது வாடகை கொடுத்துத் தொலைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இண்டிகேட்டருக்குத் திட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஸ்டெஃபனி


புக்கிட் மெர்தாஜாம்
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

என் செல்ல மகள் ஸ்டெஃபனிக்கு,

சொல்லிவிட்டேன்! நாலு மணி நேரம் ரத்தம் கழுவிவிட்டு வந்து களைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

சனிக்கிழமை கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். உன் அம்மாவுக்கு எத்தனை பேர், அடேயப்பா. சாமியார் நல்ல பிரசங்கம் வைத்தார். மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். "ஐரீன் போன அன்னிக்கு கார் சாவி என்கிட்டதான் இருந்துச்சு. என் மக மேல ஒரு குத்தமும் இல்ல," என்று சொன்னேன். உன் பிலோமினா அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என்னிடம் வந்து, "பாவிப் பயலே, புள்ளையை இத்தனை நாள் நானும் பேசிட்டேனே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தபாலாபீஸ் ஆட்கள் வந்து முதுகில் தட்டினார்கள். உன்னைப் பார்க்கவேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

நீ கேட்டது ஒரு வரி. நான் இரண்டு வரியாகவே சொல்லிவிட்டேன். மூன்று வருடம் கழித்து அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கோழி கொஞ்சம் உப்பு, டாக்டரிடம் சொல்லிவிடாதே.

காரைக் கழுவி வைத்திருக்கிறேன். டயருக்குக் காற்று அடித்தாயிற்று. வரும் சனிக்கிழமை வருகிறாயா? உனக்கு என்ன சமைக்க, எழுது. இல்லை, போனே பண்ணு. இனி நமக்குச் சண்டை வராது.

உன் அன்பு அப்பா,
லாரன்ஸ்


ஜார்ஜ்டவுன்
9 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

போன சனிக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன்.

உங்களுக்குச் சொல்லாமல் வரவேண்டும் என்று நினைத்தேன். ஜூலையில் நாலு ஞாயிறு காலை, ஹக்கீம் தன் காரில் என்னை கெலுகோருக்குக் கூட்டிப்போய் ஓட்டிப் பழக்கினான். முதல் நாள் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது, நாலாம் நாள் சமாளித்துவிட்டேன். நீங்கள் அந்த வரியைச் சொன்னதும் உள்ளே வந்து சாவியைக் கேட்டு வாங்கி, உங்களை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தேன். தீவிலிருந்து போனில் கார் பிடித்துதான் வந்தேன். பாலத்தில் நெரிசல், திருப்பலிக்குப் பிந்திவிட்டது. மண்டபத்தின் பின்வாசலில், சாப்பாட்டுக்காரர்கள் பாத்திரம் வைத்திருந்த பக்கம் நின்றேன். நீங்கள் மைக்கைப் பிடித்ததைப் பார்த்தேன்.

"வந்த எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாப்பாடு இருக்கு, யாரும் சாப்பிடாம போகக்கூடாது," என்று சொன்னீர்கள். பிறகு கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றீர்கள். முன் வரிசையில் இருந்து அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாவம் என் தம்பி. வாசல்ல கார் இருந்தும் காப்பாத்த ஆளில்லாம போச்சே," என்றார். நீங்கள் தலையை ஆட்டி, "ஆண்டவர் சித்தம், விடுக்கா," என்றீர்கள். மைக்கை வைத்துவிட்டுப் போய்த் தட்டு எடுத்தீர்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, ஏன் வெளிய நிக்கிற, உள்ள வந்து சாப்பிடு," என்றார். வேறு வீட்டு விசேஷம் என்று நினைத்து வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வழியெல்லாம் உங்களுக்காகத்தான் பேசிக்கொண்டு வந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் யாருக்கும் நாக்கு எழாது, நான் கேட்டது அதிகம், அப்பாவுக்கு உடம்பு வேறு சரியில்லை என்று. உங்களிடமிருந்து கடிதம் வரட்டும் என்று காத்திருந்தேன். "முடியவில்லை பாப்பா" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால், அந்த நிமிடமே வந்திருப்பேன். அத்தை அழுததாக எழுதியிருக்கிறீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது தடவையும் என்னை அந்தப் பழியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பயப்படவேண்டாம். டயாலிசிஸுக்கு மூன்று நாளும் கார் வரும். ரொஸ்னா அக்காவிடம் பேசியிருக்கிறேன், முடிந்த நாளெல்லாம் அவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன் சீட்டில் உட்காருங்கள்.

சாகாவை விற்றுவிடுங்கள். எனக்காக வைத்திருக்க வேண்டாம்.

ஸ்டெஃபனி